பலகைக்கு ஒரு டிக்கெட்

பென்னாகரம் பேருந்து நிலையத்தில்
நடத்துனர் கேட்டார்:
இஸ்திரி போடுற மேசையா?
இல்லைங்க, அலை மேல ஏறுற பலகை.
அவர் மேலே ஒன்றும் கேட்கவில்லை.
பலகைக்கு ஒரு டிக்கெட், எனக்கு ஒரு டிக்கெட்.
பின்சீட்டில் கடலைக்காய் மூட்டையோடு இருந்தவர்
காலை மடக்கி இடம் விட்டார்.
கணவாயின் ஒவ்வொரு வளைவிலும்
அது என் தோளில் வந்து சாய்ந்தது,
குடித்துவிட்டுத் தூங்கும் மச்சானைப் போல.

ஏழு மாதம்.
மாலத்தீவின் தெற்கு முனையில்
ஆளில்லாத தீவுகளுக்கு நடுவே.
பரிசல் ஓட்டத் தெரியும் என்றேன்,
எஞ்சின் வைத்த ரப்பர் படகைக் கொடுத்தார்கள்.
பெரிய படகு ஆழத்தில் நங்கூரமிட்டு நிற்கும்.
விடியுமுன் ஆறு பேரை ஏற்றிப்போய்ப்
பவளப்பாறை விளிம்பில் இறக்கிவிட வேண்டும்.
அலை கொண்டுபோய்ப் போட்ட இடங்களில்
பொறுக்கிக்கொண்டு வர வேண்டும்.

இதுல ஏறி எங்க போறாங்க?
சமையல்கட்டில் ராயப்பன், தூத்துக்குடிக்காரர்,
வெங்காயத்திலிருந்து தலை தூக்காமல் சொன்னார்:
எங்கயும் இல்ல. ஏறுன எடத்துக்கே திரும்பி வருவானுவ.
நான் சிரிக்கவில்லை.
ஊட்டமலைத் துறையில் பரிசலுக்கு இவ்வளவு என்று வாங்கி
நடு ஆற்றில் தட்டாமாலை சுற்றி
ஏற்றிய இடத்திலேயே இறக்கிவிட்ட காசில்தான்
தங்கைக்கு வளைகாப்பு நடத்தினேன்.

பதினோரு நாள்
கடல் எண்ணெய் ஊற்றிய தட்டாகக் கிடந்தது.
பல் டாக்டர் ஒருவர், வக்கீல்கள் இருவர்,
மற்றவர்கள் என்ன வேலை என்று தெரியாது,
மேல்தளத்தில் சீட்டாடித் தோலுரிந்து
ஒருவரோடொருவர் பேசுவதை நிறுத்தினார்கள்.
அன்றிரவு ரோவீனா கேட்டார்,
என்னையா, இருட்டையா தெரியவில்லை:
காத்திருக்க வேண்டாத அலை
உலகத்தில் எங்காவது இருக்கிறதா?
எனக்குத் தெரியும்.
சொல்லும் அளவுக்கு இங்கிலீஷ் வரவில்லை
என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

பன்னிரண்டாம் நாள் வந்தது.
வரிசையாக, யாரோ எண்ணி அனுப்பியது மாதிரி.
டாக்டர் அழுதார்.
நான் படகில் இருந்தபடி
மிதந்துகொண்டிருந்த ஒற்றைச் செருப்பைப் பார்த்தேன்.
அலை அதன் அடியில் புகுந்து போனது.
அடுத்தது. அதற்கடுத்தது.
செருப்பு ஏறியது, இறங்கியது,
இருந்த இடத்திலேயே இருந்தது.
கடலில் அலைதான் போகிறது.
தண்ணீர் எங்கும் போவதில்லை.

ரோவீனா போகும்போது
மூக்கு உடைந்த பலகையை விட்டுப் போனார்.
விமானத்தில் அதற்குக் கேட்ட கூலி
பலகையின் விலையைத் தாண்டியதாம்.

இப்போது ஆடி.
பிலிகுண்டுலுவில் நாற்பதாயிரம் கன அடி.
பரிசலுக்குத் தடை, குளிக்கத் தடை,
மீன் வறுக்கும் கல் எல்லாம் ஆறிக் கிடக்கிறது.
துறைக்குக் கீழே, பாறையை ஒட்டி,
நான் பிறந்ததிலிருந்து பார்க்கும் அந்த மேடு:
செம்மண் தண்ணீர் தலைதெறிக்க ஓடுகிறது,
அலை மட்டும் நகராமல் நிற்கிறது.
எங்கள் ஆட்கள் வைத்த பெயர் கடன்காரன்.
எதைக் கொடுத்தாலும் வாசலை விட்டுப் போகமாட்டான்.
மூன்று பேரை வாங்கியிருக்கிறான்,
ஒருவர் என் பெரியப்பா மகன்.
ஆகாயத்தாமரை ஒன்று வருகிறது, ஏறுகிறது,
மேட்டூருக்குப் போய்விடுகிறது.
கடன்காரன் அங்கேயே.

பலகையை எடுத்தேன்.
தீர்த்தம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள்.
இதுல ஏறி எங்க போவ?
எங்கயும் இல்ல.
அப்ப எதுக்குப் போற?

கயிறு கட்டிய இடத்தில்
காவலர் என்னையும் பலகையையும் பார்த்தார்.
பார்க்க மட்டும் சார், என்றேன்.
பாறையில் பலகையைப் போட்டேன்.
நின்று நின்று கால் கடுத்திருந்ததோ என்னவோ,
அவர் அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

நாற்பது நொடி படம் பிடித்தேன்.
இரைச்சலும் பதிவாகியிருக்கிறது.
ரோவீனாவின் எண் கைபேசியில் இருக்கிறது.
அனுப்பவில்லை.
அனுப்பினால்
அவர் வந்துவிடுவார்.